கீசர்: குளியலறைக்குள் புகுந்த வெந்நீரூற்று

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருப்பவர், 'வீட்டில் கீசர் வெடித்துவிட்டது, கூட்டத்துக்குத் தாமதமாக வருவேன்' என்று அமெரிக்க அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினால் அங்கே கலவரம்தான். அமெரிக்கருக்கு அது யெல்லோஸ்டோன் பூங்காவில் தரையிலிருந்து பீறிடும் கொதிநீர், உச்சரிப்பும் 'கைசர்'. குளியலறையில் இருப்பது வாட்டர் ஹீட்டர். சிலர் 'ஹாட் வாட்டர் ஹீட்டர்' என்றும் சொல்வார்கள். சூடான தண்ணீரை எதற்குச் சூடாக்குவது என்று நாம் சிரிக்க முடியாது. வெம்மையும் நீரும் சேர்ந்ததுதான் வெந்நீர். நாமோ 'சூடான வெந்நீர்' கேட்கிறோம்.

சொல்லின் ஊர் ஐஸ்லாந்து. அங்குள்ள 'கேய்சிர்' என்ற ஊற்றின் பெயருக்குப் 'பீறிட்டுப் பாய்வது' என்று பொருள். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன், எரிவாயுவால் தண்ணீர் சுடவைக்கும் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். அதில் புகைபோக்கி கிடையாது; புகை குளியலறையிலேயே தங்கியது. இன்றைய கேஸ் கீசரையும் காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் இல்லாததால் மயங்கும் வரை தெரியாது. பிரிட்டனில் இப்போது பாய்லர் என்பதே வழக்கு. நம் வீடுகளில் பாய்லர் என்றால் நடுக்குழாயில் கரி போட்டு எரிக்கும் செம்புப் பாத்திரம். அவர்கள் கைவிட்ட கீசர் என்ற பெயரை நாம் பிடித்துக்கொண்டோம்.

தமிழில் ஊற்றையும் கருவியையும் பிரித்தே சொல்லலாம்: தரையில் பீறிடுவது கொதிநீரூற்று, சுவரில் தொங்குவது நீர்சூடேற்றி. 'வெந்நீர்க்கலன்' அழகான சொல்தான், ஆனால் தொட்டி உள்ள வகைக்கே பொருந்தும். கடையில் மட்டும் கீசர் என்றே கேளுங்கள்.

15 லிட்டர், 2,000 வாட் கீசர் 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 18 நிமிடம் ஆகும். இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 9 ஆம்பியர். அதனால் 16 ஆம்பியர் பிளக்குதான். 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் சூடாகி உருகலாம். பெங்களூரு போர்வெல் தண்ணீரின் உப்பு, உள்ளே தண்ணீரைச் சுடவைக்கும் காயிலில் (கம்பிச்சுருளில்) வெள்ளைப் படலமாகப் படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கிக் காயில் கருகும். கொதிக்கும்போது படபடவென்று சத்தம் கேட்டால் உப்புப் படிவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காக்கும் மெக்னீசியம் கம்பியையும் அப்போதே பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு பெயர்க்குழப்பம் இமர்ஷன். பிரிட்டனில் அது தொட்டிக்குள் பொருத்திய காயில். நமக்கு வாளியில் தொங்கவிடும் ராடு. ராடு தண்ணீரில் மூழ்கிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சூடு பார்க்க விரல் வைப்பதெல்லாம் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு.