மாச்சோ என்றால் கடுவன்

கல்லடியில் இருக்கும் மருமகன் புது டீசேர்ட் போட்டுக்கொண்டு வந்தான். நெஞ்சுக்குக் குறுக்கே கொட்டை எழுத்தில் ‘மாச்சோ’. “அப்படியெண்டா என்ன மனே?” என்று அம்மா கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. “கடுவன்” என்றேன் நான். அம்மா திண்ணையில் படுத்திருந்த பூனையைத் திரும்பிப் பார்த்தார்.

கேலிக்குச் சொல்லவில்லை. ஸ்பானிய மொழியில் மாச்சோ என்பது முதலில் ஆண் விலங்கைக் குறிக்கும் சொல். பூனை குட்டி போட்டால் “கடுவனோ பெட்டையோ?” என்று கேட்கிறோமே, அந்தக் கடுவன்தான். ஆங்கிலம் இதை 20ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது. அங்கே பொருள் இன்னும் குறுகியது: தான் ஆண் என்பதை உடம்பாலும் பேச்சாலும் ஓயாமல் காட்டிக்கொண்டிருப்பவன். அழமாட்டான், அடுப்படிப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டான்.

வேர்ச்சொல் லத்தீன் ‘மாஸ்குலுஸ்’. ‘மாஸ்’ என்றால் ஆண். அதோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்திருக்கிறது. ஆக, ‘குட்டி ஆண்’. நெஞ்சை நிமிர்த்துகிற சொல்லின் பூர்வீகம் இதுதான்! ஆணைக் குறிக்கும் ஆங்கிலத்தின் ‘மேல்’ (male) என்ற சொல்லும் இதே வேரில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘ஃபீமேல்’ அதிலிருந்து பிறந்ததல்ல. அது ‘ஃபெமெல்லா’ என்ற வேறு லத்தீன் சொல். ‘மேல்’ சாயலில் பிறகு எழுத்து மாறிவிட்டது.

போர்த்துக்கேய மொழியிலும் மாச்சோ உண்டு. 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டியவர்களின் மொழியில் இருந்து கதிரையும் அலுமாரியும் நமக்கு வந்தன. இந்தச் சொல் மட்டும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேர்ந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் ‘ஆண்மை’ என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்மை என்பதில் ஆளும் திறன் என்ற பொருளும் இருக்கிறது. விடாமுயற்சியைச் சொல்லும் தாளாண்மையில் இருப்பது அதுதான். வேளாண்மையிலும் அதுதான், அக்கரைப்பற்றுப் பக்கம் வயலில் நிற்கிற நெல்லுக்கே வேளாண்மை என்றுதான் பெயர். பிறன் மனைவியை நோக்காமல் இருப்பதைத்தான் வள்ளுவர் ‘பேராண்மை’ என்கிறார். டீசேர்ட்டில் இருக்கும் ஆள் அதற்கு நேரெதிர்.

‘ஆணாதிக்கம்’ என்பதும் பொருந்தாது. அது சமூகத்தின் ஏற்பாடு. மாச்சோ ஒருவனின் தோரணை. புகழ்ச்சியாக வரும் இடத்தில் ‘ஆண்மிடுக்கு’ என்றும், குத்தலாக வரும் இடத்தில் ‘ஆண்செருக்கு’ என்றும் எழுதலாம். பேச்சில் ‘ஆம்பிளைத் திமிர்’ என்றாலே போதும், மருமகனுக்கும் விளங்கும்.