பம்ப் ஓடுகிறது, தண்ணீர் ஓடுகிறதா?

மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த ஸ்விட்சான கான்டாக்டர் இழுத்ததும் பேனலில் பச்சை விளக்கு எரிகிறது. அதைப் பார்த்துவிட்டுக் குழாயில் தண்ணீர் போகிறது என்று முடிவு செய்வது பல தொழிற்சாலைகளில் வழக்கமாகிவிட்டது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் அறுந்திருக்கலாம், உறிஞ்சும் பக்கத்து வால்வு மூடியிருக்கலாம், குப்பையைத் தடுக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டாருக்கு இரண்டு ஃபேஸ்களை மாற்றிக் கொடுத்ததால் அது எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். இவற்றில் எதையும் அந்த விளக்கு காட்டாது. குழாய்க்குள் ஓட்டம் இருக்கிறதா என்பதை நேரடியாக உணர்ந்து, குறித்த அளவுக்குக் கீழே அது இறங்கியதும் ஒரு மின் கான்டாக்டைத் திறந்து இயந்திரத்தை நிறுத்தவைக்கும் கருவிதான் ஃப்ளோ ஸ்விட்ச். எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது ஃப்ளோ மீட்டரின் வேலை.

இதன் அருமை, தண்ணீரைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரமான சில்லரில் நன்றாகத் தெரியும். 7 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் தண்ணீரை அனுப்பும் சில்லரில் ஓட்டம் நின்றபின்னும் கம்ப்ரசர் ஓடினால், தண்ணீர் குளிரும் பகுதியான எவாப்பரேட்டரில் தேங்கிய தண்ணீர் விரைவில் உறைநிலையை நெருங்கிவிடும். பனிக்கட்டியாகும்போது தண்ணீரின் கன அளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால் செப்புக் குழாய்கள் வெடிக்கின்றன. பிறகு தண்ணீர், குளிரூட்டும் பொருளான ரெஃப்ரிஜரன்ட் ஓடும் பக்கத்துக்குள் புகுந்து கம்ப்ரசர் வரை கெடுத்துவிடுகிறது. ஒரு சிறு ஸ்விட்ச் தடுத்திருக்க வேண்டிய சேதம், சில்லரையே மாற்றும் செலவில் போய் முடிகிறது.

நம் ஊர்த் தொழிற்சாலைகளில் மிகுதியாகக் காணப்படுவது பேடில் வகை. குழாய்க்குள் இறங்கிய மெல்லிய தகட்டை ஓட்டம் தள்ளும். அந்த அசைவு மேலே உள்ள மைக்ரோ ஸ்விட்சை அழுத்தும். ஓட்டம் குறைந்தால் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். எளிய கருவி, விலையும் குறைவு. ஆனால் பொருத்துவதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. குழாய் வளையும் எல்போவை ஒட்டியோ வால்வை ஒட்டியோ பொருத்தினால் அங்குள்ள சுழலில் தகடு துடித்துக்கொண்டே இருந்து, சில மாதங்களில் முறிந்துவிடும். முன்னும் பின்னும் குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு நேர்க்குழாய் வேண்டும். படுக்கைக் குழாயில் மேற்புறமாக நிற்க வேண்டும். செங்குத்துக் குழாயில் ஓட்டம் மேல்நோக்கிச் செல்லும் இடத்தில் வைக்க வேண்டும். உடலில் பொறித்துள்ள அம்புக்குறி ஓட்டத்தின் திசையில் இருக்க வேண்டும். தகட்டைக் குழாய் அளவுக்கு ஏற்ப வெட்டும்போது அது உட்சுவரில் உரசாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

வெப்பமுறை ஸ்விட்சில் அசையும் பாகமே இல்லை. சற்றுச் சூடாக்கிய உணர்முனையிலிருந்து ஓடும் திரவம் எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதைக் கொண்டு அது ஓட்டத்தை அறிகிறது. உணர்ந்து சொல்லச் சில விநாடிகள் பிடிக்கும். தண்ணீருக்குச் சரிசெய்த ஸ்விட்சைக் கிளைகோல் (உறையாமல் தடுக்கச் சேர்ப்பது) கலவையிலோ எண்ணெயிலோ பயன்படுத்துவதானால் மறுபடி சரிசெய்தாக வேண்டும். மெல்லிய உயவு எண்ணெய் (லூப் ஆயில்) குழாய்களுக்கு, காந்தம் பதித்த பிஸ்டன் நகர்ந்து, காந்தம் அருகில் வந்ததும் இயங்கும் சிறு ரீட் ஸ்விட்சை இயக்கும் வகை பொருந்தும். அதற்குத் திரவம் சுத்தமாக இருக்க வேண்டும்.

தேர்ந்தெடுப்பதில் என் கருத்து ஒன்றுதான்: குழாயின் அளவையும் விலையையும் பார்க்கும் முன், இந்த ஸ்விட்ச் கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெடும் என்று கேளுங்கள். பேடில் முறிந்து விழுந்தால் ஸ்பிரிங் கான்டாக்டைத் திறந்துவிடும்; இயந்திரம் நிற்கும்; உற்பத்தி தடைப்பட்டாலும் ஆபத்தில்லை. அதே பேடிலின் மூட்டில் உப்புப் படிந்து, 'ஓட்டம் உண்டு' என்ற நிலையிலேயே இறுகிப்போனால் கதை வேறு. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர் ஓடும் கூலிங் டவர் குழாய்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். பிஸ்டன் வகையின் காந்தத்தில் துருத்துகள்கள் ஒட்டினாலும் இதே நிலைதான். வெப்பமுறை ஸ்விட்சின் முனையில் படிவு சேர்ந்தால் வெப்பம் வெளியேற முடியாமல் பொதுவாக 'ஓட்டம் இல்லை' என்றே காட்டும். தொந்தரவுதான், ஆனால் பாதுகாப்பான தொந்தரவு. எவாப்பரேட்டரின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வேறுபாட்டைப் பார்க்கும் ஸ்விட்சை மட்டும் நம்பியிருப்பவர்கள், உள்ளே குழாய்கள் அடைபடும்போது குறைந்த ஓட்டத்திலும் அழுத்த வேறுபாடு கூடுதலாகவே தெரியும் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். வயரிங்கும் இந்த நோக்கத்தோடுதான் இருக்க வேண்டும்: ஓட்டம் இருக்கும்போது மூடியிருக்கும் கான்டாக்டைப் பயன்படுத்தினால், கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிடும்.

அடுத்தது வேகம். 100 டன் குளிரூட்டும் திறனுள்ள சில்லருக்கு, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 5.5 டிகிரி வேறுபாடு என்று கொண்டால், மணிக்குச் சுமார் 55 கன மீட்டர் தண்ணீர் தேவை. இது 4 அங்குலக் குழாயில் விநாடிக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் வேகத்தில் ஓடும்; 6 அங்குலக் குழாயில் 0.8 மீட்டர்தான். பம்ப் அதுவே, தண்ணீரும் அதுவே, ஆனால் ஸ்விட்ச் உணரும் விசை முற்றிலும் வேறு. ஆகவே பெரிய குழாயில் குறைந்த ஓட்டத்தைப் பிடிக்க வேண்டிய இடத்தில் பேடில் தடுமாறும். அங்கே வெப்பமுறையே மேல். ஸ்விட்ச் இயந்திரத்தை நிறுத்தும், அதாவது டிரிப் ஆகும், அளவைச் சில்லர் தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச ஓட்டத்தை வைத்தே தீர்மானியுங்கள். காற்றுக் குமிழியால் வரும் நொடிநேரத் தடுமாற்றத்துக்காகச் சில விநாடித் தாமதம் வைப்பதும் அந்தத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்புக்குள்தான் இருக்க வேண்டும்.

கான்டாக்டின் திறனையும் பாருங்கள். ரீட் ஸ்விட்சைக் கொண்டு நேரடியாகக் கான்டாக்டர் காயிலை இயக்கினால் கான்டாக்ட் ஒட்டிப்போகும். இடையில் ஒரு ரிலே வேண்டும். மாறாக, 24 வோல்ட் டிசியில் சில மில்லி ஆம்பியர் மட்டுமே எடுக்கும் பிஎல்சி (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ளீட்டுக்கு, தங்க முலாம் பூசிய கான்டாக்ட் நம்பகமானது. சாதாரண வெள்ளிக் கான்டாக்டில் அவ்வளவு குறைந்த மின்னோட்டம் நாளடைவில் சரியாகக் கடக்காது. குளோரைடு மிகுந்த நீருக்குப் பித்தளையைவிட எஸ்எஸ் 316 என்னும் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது. கடல்நீர் என்றால் அதுவும் போதாது.

பழுது பார்க்கச் சென்ற ஓர் ஆலையில், எவாப்பரேட்டர் உறைந்து வெடித்த சில்லரின் ஃப்ளோ ஸ்விட்ச் மூடியைத் திறந்தபோது, இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே விரல் நீளச் சிவப்புக் கம்பி ஒன்று நேர்த்தியாகத் திருகி முடுக்கப்பட்டிருந்தது. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ என்றோ ஷார்ட் செய்திருக்கிறார்கள். அடிக்கடி டிரிப் ஆனதற்குக் காரணம் பக்கத்திலேயே தெரிந்தது: ஸ்விட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் எல்போ. கருவி சொன்ன குறையைச் சரிசெய்யாமல் கருவியின் வாயை அடைத்திருக்கிறார்கள். இரவு ஷிஃப்டில் உற்பத்தி நிற்கக் கூடாது என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனாலும் இப்படி ஸ்விட்சைத் தாண்டிக் கம்பி இணைப்பது, அதாவது ஜம்பர் போடுவது, யாருடைய தனி முடிவாகவும் இருக்கக் கூடாது. போட்டே ஆக வேண்டிய நிலையில் பொறுப்பாளரின் கையெழுத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும். எப்போது எடுக்கப்படும் என்பதும் அதே வரியில் எழுதப்பட வேண்டும்.

வேலை செய்கிறதா என்று சோதிக்க, டெர்மினல் கம்பியைக் கழற்றிப் பார்த்தால் போதாது; அது வயரிங்கைத்தான் சோதிக்கும், பேடிலை அல்ல. கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, பம்பை மட்டும் ஓடவிட்டு, வெளிச்செல்லும் வால்வை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். எந்த ஓட்டத்தில் கான்டாக்ட் திறக்கிறது, வால்வைத் திரும்பத் திறக்கும்போது எந்த ஓட்டத்தில் மூடுகிறது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. அந்த இடைவெளி இயல்பானதுதான். சென்ற முறை குறித்ததைவிடத் திறக்கும் அளவு கீழே இறங்கியிருந்தால் மூட்டு இறுகத் தொடங்கிவிட்டது என்று கொண்டு, அடுத்த பராமரிப்பு நிறுத்தத்திலேயே கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ ஏற்பாடு செய்துவிடுங்கள்.