15 வாசல்களும் ஒரு சூரியனும்

வாசகர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். கல்வாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. கடைசி வாசலின் சட்டத்துக்குள் ஆரஞ்சு நிறச் சூரியன், அளவெடுத்துப் பொருத்தியதுபோல. நடுவில் ஒரு சிவலிங்கத்தின் கரிய உருவம். கூடவே கேள்வி: "இது தாய்லாந்துக் கோயிலாம். ஒரு தடவைக்கு மூன்று நாள்தான் இப்படித் தெரியுமாம். நிஜமா, கிராஃபிக்ஸா சார்? நிஜம் என்றால் ஏன் மூன்றே நாள்?"

நிஜம்தான். கோயிலின் பெயர் பனோம் ருங். வடகிழக்குத் தாய்லாந்தில், கம்போடிய எல்லையை ஒட்டிய புரிராம் மாகாணத்தில், ஓர் அணைந்துபோன எரிமலையின் உச்சியில் இருக்கிறது. நான் அங்கே போனது ஒரு டிசம்பர் கடைசியில். இந்தக் காட்சியைப் பார்க்க ஆண்டிலேயே மிகத் தவறான மாதம் அதுதான் என்பது போன பிறகுதான் உறைத்தது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் பொதுவாக ஒரே நாளில் மூன்று இடங்களைப் பார்த்துவிடுவார்கள். நானும் அப்படித்தான். காலையில் வாட் காவோ அங்கான் என்ற பௌத்த விகாரை. அதுவும் ஓர் எரிமலை மேல்தான். கட்டடங்கள் புதியவை, சுவரெங்கும் புத்த சாதகக் கதைகள். ஆனால் மண்டபத்தைச் சுற்றி நிற்கும் எல்லைக்கற்கள் அந்தப் பகுதியின் கெமர் (பழைய கம்போடியப் பேரரசு) கோயில்களுக்கும் முந்தைய துவாரவதிக் காலத்தவை. மதியம் மலையடிவாரத்தில் முவாங் தாம் என்ற பழைய கோயில். செங்கல் கோபுரங்கள், அவற்றைச் சுற்றி நான்கு குளங்கள், குளத்தின் மூலைகளில் படமெடுத்த நாகங்கள். உட்கார்ந்து சாப்பிட அதைவிட நல்ல நிழல் எனக்குக் கிடைத்ததில்லை. அப்புறம் மூன்று மணி வாக்கில் பனோம் ருங்.

160 மீட்டர் நீளக் கல்பாதையில் ஏறிப் போனால் கிழக்கு வாசல். இன்று நாம் காணும் மூலக்கோயில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் உறவினரான நரேந்திராதித்யர் கட்டியது என்று அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. முகப்பில் ஆடும் சிவன், அவருக்குக் கீழே நிலைவிட்டத்தில் பள்ளிகொண்ட பெருமாள். (அந்த நிலைவிட்டம் களவுபோய், அமெரிக்காவின் சிகாகோ அருங்காட்சியகம் ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டு, 1988இல்தான் திரும்பி வந்தது. அது தனிக்கதை.) கருவறையில் லிங்கம், அபிஷேக நீர் வெளியேறக் கல்வாய்க்கால். நம் கண்ணுக்கு எல்லாம் பழகியதாகத்தான் இருக்கும். பழகாதது ஒன்றே ஒன்று: கருவறைக்குப் பின்சுவர் இல்லை. அங்கேயும் வாசல். கிழக்குக் கோபுர வாசலில் நின்று பார்த்தால் மேற்குக் கோபுர வாசல் வழியாக வெளிச்சம் தெரிகிறது. நடுவில் 15 வாசல்கள், நூல் பிடித்த ஒரே கோட்டில்.

சரி, இப்போது சூரியன்.

சூரியன் கிழக்கே உதிக்கும் என்று பள்ளியில் படித்தோம். ஆண்டில் இரண்டே நாள்தான் அது சுத்தமான உண்மை: மார்ச் 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23. பகலும் இரவும் சமமாகும் நாள்கள். மற்ற நாள்களில் பூமியின் 23.4 பாகைச் சாய்வினால், உதிக்கும் இடம் கிழக்கிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ தள்ளிப்போகிறது. பனோம் ருங் இருப்பது ஏறக்குறைய 14.5 பாகை வட அட்சரேகை. நெல்லூர் இருக்கும் அதே கோடு. அங்கே உதயப்புள்ளி ஜூனில் வடக்கே 24 பாகை வரையும், டிசம்பரில் தெற்கே 24 பாகை வரையும் போய் வருகிறது. இதெல்லாம் நமக்குத் தெரிந்த உத்தராயணம், தட்சிணாயணம்தான்.

கோயிலின் அச்சு நேர்க்கிழக்கில் இல்லை. சுமார் 5.5 பாகை வடக்கே திரும்பியிருக்கிறது. ஆகவே உதயப்புள்ளி கிழக்கிலிருந்து வடக்கே ஐந்தரை பாகை நகர்ந்திருக்கும் நாளில் வாசல்களுக்குள் சூரியன் தெரியும். வடக்கே போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை: ஏப்ரல் 3 முதல் 5 வரை, பிறகு செப்டம்பர் 8 முதல் 10 வரை.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. ஒரு ஸ்ட்ராவை மேசைமேல் கிழமேற்காக வைத்து, அதன் கிழக்கு முனையை இம்மியளவு வடக்கே திருப்புங்கள். மேற்கு முனை தானாகவே அதே அளவு தெற்கே திரும்பும், இல்லையா? அப்படியென்றால் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே ஐந்தரை பாகை தள்ளி மறையும் நாள்களில் கோயிலுக்குள் அஸ்தமனமும் தெரிந்தாக வேண்டும். தெரிகிறது: மார்ச் 5 முதல் 7 வரை, அக்டோபர் 5 முதல் 7 வரை. இப்போது தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மார்ச் 6, நடுவில் சமநாளான மார்ச் 20, பிறகு ஏப்ரல் 4. இந்தப் பக்கம் இரண்டு வாரம், அந்தப் பக்கம் இரண்டு வாரம். செப்டம்பர் 9, நடுவில் 23, பிறகு அக்டோபர் 6. அதே இரண்டு வாரம்! சுற்றுலாப் பலகைகளில் நான்கு தனித்தனி அதிசயங்களாக எழுதிவைத்திருப்பது ஒரே ஒரு கோணத்தின் நான்கு முகங்கள். கோயில் நேர்க்கிழக்கில் இருந்திருந்தால் சமநாளன்று காலையில் உதயம், அன்று மாலையே அஸ்தமனம் என்று ஆண்டில் இரண்டு தடவையோடு முடிந்திருக்கும். ஐந்தரை பாகை திரும்பியதால் நான்கு தடவை கிடைக்கிறது. செப்டம்பரும் அக்டோபரும் அங்கே மழைக்காலம் என்பதால் மேகம் பாதியைச் சாப்பிட்டுவிடும், அது வேறு விஷயம்.

ஏன் மூன்றே நாள்?

உதயப்புள்ளியின் ஓட்டத்தை ஊஞ்சலாக நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சல் நடுவில் வரும்போதுதான் வேகம். இரு முனைகளிலும் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டுத் திரும்பும். உதயப்புள்ளியும் அப்படித்தான். சமநாளை ஒட்டி அது நாளுக்கு 0.4 பாகை ஓடுகிறது. வானத்தில் சூரிய வட்டத்தின் அகலமே அரை பாகைதான். அதாவது இன்று உதித்த இடத்தைவிட்டு ஏறக்குறைய தன் உடம்பளவு தள்ளி நாளைக்கு உதிக்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டியோ, அதற்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து நாள் எடுத்துக்கொண்டாலும், அது நகர்வது தன் அகலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். நின்றேவிட்டது என்று சொல்லலாம்.

கணக்குக்காக ஒரு மீட்டர் அகலமும் 60 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனைத் திறப்பு கண்ணுக்கு ஒரு பாகை அகலம்கூடத் தேறாது. அரை பாகைச் சூரியன் நாளுக்கு 0.4 பாகை வீதம் அந்தச் சின்னத் திறப்பைக் கடக்கிறது. முழு வட்டமும் உள்ளே அடங்குவது ஒரு நாள். முந்தைய நாளும் அடுத்த நாளும் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரியும். அவ்வளவுதான், மூன்று நாள். இதே சந்து டிசம்பர் உதயத்தை நோக்கி இருந்திருந்தால் ஏறக்குறைய நான்கு வாரம் தினமும் வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க யாரும் விடியற்காலையில் மலை ஏறமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சூரியன் ஏணியில் ஏறுவதுபோல ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். பனோம் ருங்கில் இரண்டு பாகை மேலே ஏறுவதற்குள் பக்கவாட்டில் அரை பாகைதான் விலகுகிறது. அதற்கு எட்டு ஒன்பது நிமிடம் ஆகும், அதுவரை வாசல் சட்டத்துக்குள் ஏதோ ஒரு மூலையிலாவது சூரியன் இருக்கும். லண்டனில் இதே கோயிலைக் கட்டியிருந்தால், சூரியன் சறுக்குமரத்தில் ஏறுவதுபோலச் சாய்ந்து போய், இரண்டு பாகை ஏறுவதற்குள் பக்கவாட்டில் இரண்டரை பாகை ஓடியிருக்கும். நீண்ட சந்துக்குள் சூரியனைப் பிடிக்கும் வித்தை வெப்பமண்டலத்துக்கே பொருத்தமானது.

கட்டியவர்கள் தெரிந்துதான் செய்தார்களா? "அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு விஞ்ஞானம், நாசாவே வியக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு திசையில் நீளமாக ஒரு திறந்த கோயிலைக் கட்டினாலே, அதன் அச்சு சூரியன் உதிக்கும் 48 பாகை வீச்சுக்குள் விழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கிழக்குப் பார்த்துத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், ஏதோ சில நாள்களில் வெயில் உள்ளே வந்தே தீரும். வெயில் வருவதில் அற்புதம் ஒன்றுமில்லை.

அதே சமயம், இது திசை தெரியாமல் செய்த பிழை என்றும் எனக்குத் தோன்றவில்லை. தரையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் சங்கு எனப்படும் முளையை நட்டு, காலையில் அதன் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் மாலையில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழமேற்குக் கோடு கிடைத்துவிடும். சிற்ப நூல்கள் சொல்லும் முறை இது. வெயிலும் பொறுமையும் போதும். இந்த மரபில் வந்தவர்கள் ஐந்தரை பாகை தவறுவது அரிது. கால்கோள் நாளன்று சூரியன் எழுந்த இடத்தை நோக்கிக் கயிறு கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். வெறும் ஊகம்தான். அதற்கு வலு சேர்ப்பதுபோல இன்னொரு தற்செயலும் இருக்கிறது. சித்திரை முதல் நாளும் தாய்லாந்தின் சொங்க்ரான் புத்தாண்டும் சூரியன் மேஷத்தில் நுழைவதை வைத்தவை. அந்த நாள் ஆங்கில நாள்காட்டியில் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது. 12ஆம் நூற்றாண்டில், இன்றைய நாள்காட்டிக் கணக்கில், அது மார்ச் கடைசியை ஒட்டி வந்திருக்கும். அதாவது வாசல்களில் சூரியன் தெரியும் நாளுக்குச் சில நாள் முன்பு. புத்தாண்டுக்காகத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று இதை வைத்துச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் நினைத்துப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.

நான் மலைத்துப்போனது வேறொன்றில். 15 வாசல்களும் ஒரே கோட்டில், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று கையளவு விலகினாலும் அரை பாகைச் சூரியன் அறுபட்டுவிடும். எரிமலை உச்சியில், மணற்கல்லில், கயிறும் நீர்மட்டமும் வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார்கள். இதில் 1971 முதல் 1988 வரை சீரமைத்தவர்களுக்கும் பங்குண்டு. கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். அந்தப் பெயர் தெரியாத கொத்தனார்களைப் பற்றி எந்த வீடியோவும் பேசுவதில்லை. உதயத்தன்று கூடும் கூட்டத்தில், அந்த ஒளி மேலே பட்டால் அதிர்ஷ்டம், ஆற்றல் என்று நம்பி வருகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் விடியுமுன் மலையேறிச் சூரியனுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தோடு சண்டை போடவும் மனமில்லை.

நம்மூரிலும் பல சிவன் கோயில்களில் ஆண்டுக்குச் சில நாள் லிங்கத்தின் மேல் வெயில் விழுகிறது. பெரும்பாலும் மாசி, பங்குனி, ஆவணி, புரட்டாசி. ஏன் இந்த மாதங்கள் என்று இப்போது உங்களுக்கே தெரியும். நேர்க்கிழக்கை ஒட்டிக் கட்டிய கோயில்கள் அவை. உங்கள் ஊரில் எந்தத் தேதி என்று பாருங்கள். சமநாளிலிருந்து எத்தனை நாள் தள்ளி என்று எண்ணி 0.4ஆல் பெருக்குங்கள். ஒரு மாதத் தொலைவுக்குள் என்றால், உங்கள் கோயில் கிழக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். ஒரு கல்லூரி இயற்பியல் துறை பத்து மாணவர்களை அனுப்பி, ஒரு மாவட்டத்துக் கோயில்கள் அனைத்தையும் இப்படி அளந்துவிடலாம். பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும்தான் ஆகும். பல கோடியில் கருவி வாங்கினால்தான் ஆராய்ச்சி என்று நாம் ஏன் நினைத்துக்கொண்டிருக்கிறோமோ!

பனோம் ருங்கில் அந்த டிசம்பர் மாலை என் கைபேசித் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். நம்பவில்லை. எரிமலைப் பாறையில் காந்தத் தாது இருக்கும், முள் பொய் சொல்லலாம். அதனால் மேற்கு வாசலுக்கு வெளியே போய், 15 வாசல்களுக்கும் நேராக முதுகைக் காட்டி நின்றேன். எனக்கு நேர் எதிரே வெறும் வானம். சூரியன் இடதுபக்கம், வெகு தூரத்தில், மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஒரு முஷ்டி வைத்தேன், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டாவது முஷ்டியின் சுண்டுவிரல் ஓரத்தில் சூரியன் தொட்டது. டிசம்பரின் 24 பாகையில் கோயிலின் ஐந்தரை போக, கணக்கில் பதினெட்டரை வந்திருந்தது. காவலர் விசில் ஊதி எல்லோரையும் கிளம்பச் சொன்னார்.