மின்கார் சார்ஜர் பூட்டும் வயரிங் பாஸ்மாருக்கு: விதியும் காப்புறுதியும்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு, சார்ஜர் பூட்டித் தரச் சொல்லி மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்து வயரிங் பாஸ்மாரையும் ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஏசி பூட்டுகிற வேலை மாதிரித்தானே என்று இறங்கிவிடக்கூடாது. ஏசி விட்டுவிட்டு ஓடும். சார்ஜர் ஐந்தாறு மணித்தியாலம் ஒரே சுமையில் இழுக்கும். பிழைத்தால் பக்கத்தில் நிற்பது கோடி ரூபாய்க் கார்.

விலை சொல்ல முதல் மீட்டரைப் பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 30 அம்பியர் ஒற்றைக் கட்ட (சிங்கிள் ஃபேஸ்) இணைப்பு. 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 6.9 கிலோவாட். காருக்கென்று விற்கும் 7 கிலோவாட் சார்ஜர் தனியாகவே 32 அம்பியர் இழுக்கும். வீட்டில் வேறொன்றும் ஓடாவிட்டாலும் இணைப்பின் அளவைத் தாண்டிவிடும். மூன்று கட்டத்துக்கு மாறினால் சரி என்பார்கள். அங்கேயும் ஒரு கட்டத்துக்கு 30 அம்பியர்தான், ஆகவே ஒற்றைக் கட்ட 7 கிலோவாட் சார்ஜர் அதிலும் அடங்காது. 11 கிலோவாட் மூன்று கட்டச் சார்ஜர் என்றால் கட்டத்துக்கு 16 அம்பியர். அது அடங்கும், ஆனால் கார் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். செலவில்லாத வழி, சார்ஜரின் செட்டிங்கில் அம்பியரை 16க்குக் குறைத்துவிடுவது. இரவு முழுக்க நிற்கும் காருக்கு அது தாராளம். 10.30க்குப் பிறகு தொடங்கும்படி டைமரும் வைத்தால், மின்சாரத்தின் உச்ச நேரமான மாலை 6.30 முதல் 10.30 வரையும் தப்பிவிடும். இணைப்பைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் முதலில் விண்ணப்பம், பிறகு வேலை.

வயரிங்குக்கு இங்கே அளவுகோல் பிரித்தானியாவின் வயரிங் விதிநூலான பிஎஸ் 7671. அதில் 722ஆம் பகுதி மின்வாகனச் சார்ஜிங்குக்கென்றே எழுதப்பட்டது. சார்ஜருக்குத் தனி லைன் வேண்டும். ஒவ்வொரு சார்ஜிங் முனைக்கும் 30 மில்லியம்பியருக்கு மேற்படாத தனி ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும். அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் டைப் ஏசி (மாறுமின் கசிவை மட்டும் காணும்) ட்ரிப் சுவிட்ச் இதற்கு ஆகாது. காரின் மின்னணுச் சுற்றிலிருந்து நேர்மின்னோட்டக் கசிவு வந்தால் அது மரத்துப்போய், விழவேண்டிய நேரத்தில் விழாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லியம்பியர் நேர்மின் கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு இருந்தால் டைப் ஏ போதும். இல்லாவிட்டால் டைப் பி. எது என்று சார்ஜரின் கைநூலில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கனவே உள்ள ட்ரிப் சுவிட்ச்சுக்குப் பின்னால் சார்ஜரைக் கொளுவினால் அதுவும் மரத்துப்போகலாம். மெயினிலிருந்து பிரித்தே எடுங்கள்.

எர்த் விசயத்தில் யூடியூப் பிரித்தானிய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே பல வீடுகளுக்கு எர்த் மின் விநியோகக் கம்பியோடு வருகிறது. நமக்கு வளவுக்குள் அடித்த கம்பிதான். கரையோர மணலில் மாரிகாலத்தில் நல்ல அளவு காட்டும் கம்பி, யூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று நிலத்தை உலர்த்திய பிறகு வேறு கதை சொல்லும். 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த் நிலையாக இல்லாமல் போகலாம் என்பது பிஎஸ் 7671இன் கணிப்பு. மழையில் அளந்திருந்தால் கோடையில் ஒருமுறை போய் அளந்து பாருங்கள். வெள்ளம் ஏறும் ஒழுங்கைகளில் சார்ஜர்ப் பெட்டியை வழமையைவிட உயர்த்திப் பூட்டுங்கள். வெளிச்சுவரில் குறைந்தது ஐபிஎக்ஸ்4 (தெறிக்கும் நீரைத் தாங்கும்) பாதுகாப்பு வேண்டும். உப்புக் காற்றுக்கு இன்னும் கூடினால் நல்லது.

இனிக் காப்புறுதி. உங்கள் ஆளுக்கு வேலையில் அடிபட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டியது தொழில்தருநர். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2022 திருத்தத்தில் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சமானது. “நாட்சம்பளத்துக்கு வந்த பொடியன்தானே” என்ற கதை இங்கே உதவாது. அந்தத் தொகையைக் கைக்காசில் கட்ட முடியாதவர்கள் வேலையாட்கள் நட்டஈட்டுப் பொலிசி எடுத்தே ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

மற்றவருடைய பொருளுக்கும் உயிருக்கும் வரும் சேதத்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி. இதை எடுக்கும்போது முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வேலை முடித்துக் கொடுத்து ஆறு மாதம் கழித்துத் தீப்பிடித்தால் பொலிசி பேசுமா? பல பொலிசிகள் வேலை நடக்கும்போது நேர்வதை மட்டுமே ஏற்கும். உங்கள் பொறுப்பில் இருக்கும் வாடிக்கையாளரின் சார்ஜர் விழுந்து உடைந்தால்? அதைப் பெரும்பாலும் விலக்கியே எழுதியிருப்பார்கள். பிழையாகச் செய்த வேலையைத் திருத்தும் செலவு பொதுவாகக் கிடைக்காது. விண்ணப்பத்தில் “வீட்டு வயரிங்” என்று மட்டும் எழுதாமல் மின்வாகனச் சார்ஜர் பூட்டுவதையும் சேர்த்து எழுதுங்கள். மறைத்த தொழிலுக்கு நட்டஈடு மறுக்கப்படலாம்.

கோரிக்கை வந்தால் நிறுவனம் முதலில் கேட்பது தாள்தான். இன்சுலேசன் அளவு (500 வோல்ட்டில் 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது), எர்த் அளவு, ட்ரிப் சுவிட்ச் விழுந்த நேரம், செட் பண்ணிய அம்பியர், திகதி, வீட்டுக்காரர் கையெழுத்து. தொழிற்தகைமைச் சான்றிதழ்ப் பிரதியும் அதே கோப்பில் இருக்கட்டும். வீட்டுக்காரருக்குத் தீக் காப்புறுதி இருந்தால், சார்ஜர் பூட்டியதை அவர் தன் நிறுவனத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்காரர் விருந்தினரிடம் காசு வாங்கிச் சார்ஜ் போட நினைத்தால் கதை வேறு. மின்சாரத்தை விற்பது அனுமதி சார்ந்த விசயம். கேபிள் இழுக்க முதல் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பு ஹோட்டலுடையது என்று உங்கள் கொந்தராத்துக் கடிதத்திலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.