மூன்று எண்களும் ஒரு துளி வெளிச்சமும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருக்கோடி வீட்டுத் தம்பி, மாசி பிறந்துவிட்டால் வீட்டில் தங்கமாட்டான். பாலக்காட்டுப் பக்கத்துத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன். அவனுடைய கீபோர்டு பழையது. யு.எஸ்.பி. கிடையாது; பின்புறம் அரைவட்டமாக ஐந்து துளைகள் கொண்ட சாக்கெட்டுகள் மட்டும் இருக்கின்றன. அதைக் கணினியில் இணைக்க மலிவாக ஒரு கேபிள் வாங்கினான். இணைத்த உடனே ஸ்பீக்கரில் வண்டு முரலும் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது, செருகினால் மறுபடி வருகிறது.

"அண்ணா, கீபோர்டு கெட்டுவிட்டதா?" என்று தூக்கிக்கொண்டு வந்தான். கீபோர்டில் குறையில்லை. கேபிளின் நடுவிலிருந்த பெட்டியைத் திறந்தோம். இருக்க வேண்டிய ஓர் உறுப்பு உள்ளே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். நாமே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

அந்த ஐந்து துளை இணைப்புக்கு மிடி என்று பெயர். 1983ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுடாரோ ககேஹாஷியும் இதற்கு முன்னின்றவர்கள்; 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி கிடைத்தது. பழந்தமிழில் மிடி என்றால் வறுமை. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும் பொய்யில்லை. இந்தக் கம்பியில் போகும் தகவல் அவ்வளவு சிக்கனம்.

அதில் ஒலி போவதே இல்லை, எண்கள்தான் போகின்றன. தம்பி ஒரு கட்டை ஷட்ஜத்தை அழுத்தினால் 144, 60, 90 என்று மூன்று எண்கள் கிளம்பும். 144 என்றால் 'முதல் தடத்தில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது'. 60 எந்தக் கட்டை என்பதற்கு. 90 எவ்வளவு வேகமாக விரல் இறங்கியது என்பதற்கு. விரலை எடுத்தால் இன்னொரு மூன்று. அது வயலினா புல்லாங்குழலா என்பது பெறும் கருவியின் பாடு. எட்டு பிட்களில் முதல் பிட்டை 'இது கட்டளை' என்று காட்டும் கொடியாக ஒதுக்கிவிட்டதால், மதிப்புகளுக்கு மிச்சம் ஏழு பிட்தான். அதனால்தான் எல்லாம் 0 முதல் 127க்குள் அடங்குகிறது.

வேகம் நொடிக்கு 31,250 பிட். விசித்திரமான எண்ணாகத் தோன்றும். 1 மெகாஹெர்ட்ஸை 32ஆல் வகுத்தால் வருவது, அவ்வளவே. தொடக்கமும் முடிவும் சேர்த்து ஓர் எண்ணுக்குப் பத்து பிட், 320 மைக்ரோநொடி. மூன்று எண்ணுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிநொடி. பத்து விரலையும் ஒன்றாக வைத்தாலும் சுரங்கள் வேலந்தாவளம் சோதனைச்சாவடி லாரிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நகரும். காதுக்கு அது தெரிவதில்லை.

இனி, காணாமல்போன உறுப்பு. அதன் பெயர் ஆப்டோகப்ளர். சிறு சிப். ஒரு பக்கம் எல்.இ.டி., எதிரே வெளிச்சத்தை உணரும் பகுதி, இடையே கம்பியே கிடையாது. கீபோர்டிலிருந்து வரும் மின்னோட்டம் எல்.இ.டி.யை மினுக்கும், எதிர்ப்பக்கம் அதைப் பார்த்துக் கணினிக்குச் சொல்லும். எண்கள் வெளிச்சமாகத் தாண்டுகின்றன, மின்சாரம் தாண்டுவதில்லை. இது இல்லாதபோது கீபோர்டின் பூமி இணைப்பும் கணினியின் பூமி இணைப்பும் மிடி கேபிள் வழியாக ஒரு முறை, ஆடியோ கேபிள் வழியாக இன்னொரு முறை சேர்ந்து வளையமாகிவிடும். அந்த வளையத்தில் சார்ஜர் விடும் கசிவு ஓடுவதுதான் ஸ்பீக்கரில் கேட்ட வண்டு.

கணக்கு எளிது. கீபோர்டுக்குள் இரண்டு 220 ஓம் மின்தடைகள், நம் பக்கம் ஒன்று, ஆக 660 ஓம். 5 வோல்ட்டில் எல்.இ.டி. ஏறக்குறைய 1.6 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் 3.4, வகுத்தால் 5 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். மிடிக்கு வேண்டியது அதுதான். ஐந்து துளைகளில் இந்த மின்னோட்டத்துக்கு 4, 5 மட்டுமே பயன்படுகின்றன. 2 கேபிளின் கவசத்துக்கு. பெறும் பக்கத்தில் அதை எதிலும் இணைக்கக் கூடாது, இணைத்தால் வளையம் திரும்ப வந்துவிடும்.

முதலில் நான் போட்டது மொபைல் சார்ஜர் பலகையிலிருந்து கழற்றிய நாலுகால் ஆப்டோகப்ளர், 817. அதனோடு 10 கிலோ ஓம் மின்தடை. வெளிச்சம் அணைந்த பிறகும் அது விழித்துக்கொண்டே இருந்தது. ஒரு பிட்டின் ஆயுள் 32 மைக்ரோநொடி, அதற்குள் கண்ணை மூடத் தெரியாத சிப் எண்களைக் குழப்பிவிட்டது. கோயம்புத்தூர் போய் 6என்138 என்ற எட்டுக்கால் ஆப்டோகப்ளர் வாங்கி வந்தேன்.

அப்போதும் வேலை செய்யவில்லை. ஒரு மாலைப்பொழுது போனது. கோளாறு சாக்கெட்டில். இந்தச் சாக்கெட்டின் துளைகள் ஒரு வரிசையாக 1, 2, 3 என்று எண்ணப்படுவதில்லை. 1, 4, 2, 5, 3 என்றே வளைந்து போகின்றன. 2 நடுவில் இருப்பதால் 4ம் 5ம் அதற்கு இருபுறமும் கண்ணாடிப் பிம்பங்கள். படத்தில் இருந்தது முன்பக்கத் தோற்றம். நான் பற்றவைத்தது பின்பக்கம். மின்னோட்டம் தலைகீழாக வந்திருக்கிறது. ஆனாலும் எல்.இ.டி. பிழைத்துக்கொண்டது; குறுக்கே எதிர்த்திசையில் வைத்திருந்த 1என்4148 டயோடு அதைத் தன்வழியே திருப்பிவிட்டது. இரண்டு ரூபாய் டயோடு எதற்கு என்று தம்பி கேட்டிருந்தான். பதில் கிடைத்துவிட்டது. இன்னொன்று: பற்றவைக்கும்போது சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகி ஊசிகள் சாய்ந்துவிடும். ஒரு பிளக்கைச் செருகிவைத்துக்கொண்டு பற்றவைத்தால் நேராக நிற்கும்.

மற்றதெல்லாம் சுலபம். யு.எஸ்.பி.யில் நேராகப் பேசத் தெரிந்த 32யு4 மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்று, 31,250 என்று வேகம் சொல்லி வருவதை அப்படியே தள்ளிவிடும் சில வரி நிரல். கணினி அதை மிடி கருவியாகவே அடையாளம் கண்டுகொண்டது. இரைச்சல் இல்லை.

தம்பி தோடியை எடுத்தான். காந்தாரத்தை அசைக்கக் கட்டையால் முடியாது, சுரத்தை ஏற்றி இறக்கும் இடதுகைச் சக்கரத்தைத்தான் ஆட்ட வேண்டும். 127 போதாது என்று இந்தச் சக்கரத்துக்கு இரண்டு ஏழு பிட்களைச் சேர்த்து 16,384 படிகள் தந்திருக்கிறார்கள். 8,192 என்றால் அசையாத நிலை. ஒரே அசைவுக்குத் திரையில் எண்கள் மழையாய்ப் பொழிந்தன. அதே அசைவு ஸ்வரக்குறிப்பு மென்பொருளில் தட்டையாக ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. தம்பிக்கு அதில் வருத்தம்.

இப்போது எதிர்வீட்டுச் சிறுவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான். செண்டை கற்பவன், இன்னும் புளியங்கம்பால் கல்லில் தட்டிப் பழகும் நிலை. கல்லில், தட்டினால் மின்னழுத்தம் தரும் பீசோ வில்லை ஒன்றை ஒட்டி, குறுக்கே 1 மெகா ஓம் மின்தடை வைத்து, பலகையின் இன்னொரு காலில் கொடுத்திருக்கிறோம். மெதுவாகத் தட்டினாலும் வேகம் 127 என்றே காட்டுகிறது. மின்தடையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.