டர்பனிலிருந்து சென்னை எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், புடவை எடுக்கச் சென்னைக்குக் கிளம்பும் குடும்பங்கள் உண்டு. இணையத்தில் தூரம் தேடினால் சுமார் 7,080 கிலோமீட்டர் என்று வரும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் எட்டரை மணி நேரம் போதுமே! ஆனால் டிக்கெட்டில் அதைப்போல இரண்டு மடங்கு போட்டிருக்கும்.

அந்த 7,080 என்பது உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய வழி. பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது மடகாஸ்கரைக் குறுக்கே கடந்து, மாலத்தீவுப் பக்கமாக ஏறி, கேரளக் கரைக்கு வரும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சிட்னிக்கு இழுத்துப் பார்த்தால் இன்னும் வியப்பு. இரண்டு ஊர்களும் தெற்கே 26, 34 பாகைகளில்தான் இருக்கின்றன. நூலோ 50 பாகைவரை இறங்கி, அண்டார்க்டிகாவை நோக்கிப் போய்த் திரும்பும். சுவர் வரைபடத்தில் வளைந்து தெரிகிற அதுதான் குறுக்குவழி.

சரி, டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லையே. துபாய் வழியாகப் போனால் முதலில் 6,600 கிலோமீட்டர், அப்புறம் 2,900. மொத்தம் ஏறக்குறைய 9,500. பறக்கும் நேரம் மட்டும் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகிவிடும். மீதி, துபாயில் காத்திருப்பது.

கடிகாரமும் குழப்பும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மாலை 7 மணிக்கு டர்பனில் ஏறி, மறுநாள் பகல் 2.30க்குச் சென்னையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு பத்தொன்பதரை மணி நேரம். இந்திய நேரம் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுவதால் உண்மையில் 16 மணி நேரம்தான். திரும்பி வரும்போது இந்த மூன்றரையைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். வயதானவர்களுக்கு மாத்திரை வேளை குறித்துக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது காற்றின் கணக்கு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் சுமார் 8,300 கிலோமீட்டர். போக ஒன்பதரை மணி நேரம் போல ஆகும், வர பதினொன்று. தென்கோளத்தின் அந்தப் பகுதியில், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசிக்கொண்டே இருப்பதுதான் காரணம். விமானத்தின் வேகம் காற்றுக்குள் அது நகரும் வேகம்; தரையின் மேல் கடக்கும் வேகம் வேறு. காற்றுக்குள் 900இல் பறக்கும் விமானத்துக்கு 100 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து வீசினால் தரைவேகம் 1,000, எதிரே வீசினால் 800.

போகும்போது மிச்சமானது வரும்போது போய்விடும், கணக்கு நேராகிவிடும் என்று தோன்றும். ஆகாது. அதே 8,300 கிலோமீட்டரை வைத்துப் பார்த்தால், 1,000 வேகத்தில் போக 8 மணி 18 நிமிடம், 800 வேகத்தில் வர 10 மணி 22 நிமிடம். சேர்த்தால் 18 மணி 40 நிமிடம். காற்றே இல்லையென்றால் போய்வர 18 மணி 27 நிமிடம்தான். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் பறக்கிறது. அதனால் அந்த இழப்பும் அதிக நேரம் நீடிக்கிறது.