படுக்கையில் கிடப்பவருக்கு வீடு தேடி வரும் உதவி: சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தமிழ்க் குடும்பங்களுக்கு

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கமும், இடுக்கி மலையில் தேவிகுளம், பீர்மேடு லயங்களிலும் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) வயதானவர் ஒருவர் பக்கவாதத்தாலோ இடுப்பெலும்பு முறிந்தோ படுத்துவிட்டால், ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லாருக்கும் வழி தெரிகிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு யாரிடம் போவது என்பதில்தான் குழப்பம். போக வேண்டியது பஞ்சாயத்து. அங்கே பாலியேட்டிவ் (நீண்ட நோயில் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கும் கவனிப்பு) பட்டியலில் பெயர் ஏறினால் நர்ஸ் வீட்டுக்கே வருவார். காசு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ரேஷன் கார்டு எந்த நிறமாக இருந்தாலும் சேரலாம்.

பாலியேட்டிவ் என்றாலே புற்றுநோயின் கடைசி நாட்கள் என்று நினைத்து, “எங்க அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம்” என்று ஒதுங்கும் குடும்பங்கள் நிறைய. அது தவறான எண்ணம், நோயாளிக்குத்தான் நஷ்டம். இந்தியாவில் முதல் மாநிலமாகக் கேரளம் 2008-இல் பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. அன்றிலிருந்தே பக்கவாதம், முதுகெலும்புக் காயம், சிறுநீரகக் கோளாறு, மறதிநோய், முதுமைத் தளர்ச்சி எல்லாம் இதற்குள் வருகின்றன. பல வருஷம் படுக்கையில் இருப்பவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

பெயர் சேர்க்க ஆஷா வொர்க்கர், வார்டு மெம்பர், குடும்ப ஆரோக்கிய கேந்திரம் இந்த மூன்றில் ஒன்று போதும். டிஸ்சார்ஜ் சம்மரி, ரேஷன் கார்டு, ஆதார், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு ஆகியவற்றின் நகலைக் கொடுங்கள். “சுகமில்லை” என்று மட்டும் சொன்னால் எவ்வளவு அவசரம் என்று அவர்களுக்குப் புரியாது. எத்தனை நாளாகப் படுக்கை, தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா, மூத்திரக் குழாய் போட்டிருக்கிறதா, மூக்கு வழியாக உணவுக் குழாய் இருக்கிறதா, புண் இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நர்ஸ் முதல் தடவை வந்து பார்த்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று முடிவு செய்வார். லயத்தில் இருப்பவர்கள் டிவிஷன் பெயர், லய எண், ஜீப் எதுவரை ஏறும், சிக்னல் கிடைக்கும் ஒரு போன் எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். வழி தெரியாமல் வண்டி திரும்பிவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க நேரும்.

நர்ஸ் வந்தால் மூத்திரக் குழாய் மாற்றுவார், உணவுக் குழாய் மாற்றுவார், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவார். இவற்றுக்கிடையே வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக் கொடுப்பார். வாட்டர் பெட், ஏர் பெட், வீல்சேர், வாக்கர் போன்றவை இருப்பில் இருந்தால் இரவலாகவும் கிடைக்கும். வலி அதிகமாகி மார்ஃபின் தேவைப்பட்டாலோ, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்றாலோ தாலுகா ஆஸ்பத்திரி பாலியேட்டிவ் பிரிவுக்கு எழுதி அனுப்புவார்.

இரண்டு இடங்களில் பிழை அடிக்கடி நடக்கிறது. ஒன்று மூத்திரக் குழாய். சாதாரண ரப்பர் குழாயைச் சில வாரங்களிலேயே மாற்ற வேண்டும், முழு சிலிக்கான் குழாய் சுமார் மூன்று மாதம் வரை தாங்கும். போட்டிருப்பது எந்த வகை, எந்தத் தேதியில் போட்டது என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். புரட்டும்போது மூத்திரப் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. அப்படி வைத்தால் பையில் இருக்கும் மூத்திரம் உள்ளே திரும்பிக் காய்ச்சல் வரும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. மூத்திரம் இறங்காமல் வயிறு உப்பினாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ நர்ஸ் வரும் நாளுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டாவது படுக்கைப் புண். ஏர் பெட் வந்துவிட்டது, இனிப் புரட்ட வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஏர் பெட்டில் படுத்தவரையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். மலையில் கரண்ட் போனால் மெத்தையில் காற்று இறங்கி உடம்பு நேரே கட்டிலில் அழுந்தும், அந்த நேரம் இன்னும் கவனம் வேண்டும். தினம் காலையில் துடைக்கும்போது வால் எலும்பு, குதிகால், இடுப்பின் இரு பக்கம், தோள்பட்டை, பின்னந்தலை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாமல் இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்சதை இன்னும் கெடும். அந்தப் பக்கம் படுக்க விடாமல் வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

தினமும் குளிப்பாட்டுவது, மலம் எடுப்பது, சோறு ஊட்டுவது, ராத்திரி கூட இருப்பது இதெல்லாம் நர்ஸின் வேலையில் இல்லை. அது வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது, பலர் அதற்காக வேலையை விட்டிருக்கிறார்கள். அப்படி வேலைக்குப் போக முடியாமல் முழுநேரமும் கவனிப்பவருக்காகத்தான் கேரள சாமூகிய சுரக்ஷா மிஷனின் ‘ஆஸ்வாஸகிரணம்’ திட்டம். மாதம் 600 ரூபாய். அந்த உழைப்புக்கு இது மிகக் குறைவு, இருந்தாலும் உரிமையை விட வேண்டாம். குடும்ப ஆண்டு வருமான வரம்பு பஞ்சாயத்துப் பகுதியில் 20,000 ரூபாய், நகராட்சியில் 22,375 ரூபாய். முழுநேரத் துணை வேண்டும் என்ற அரசு டாக்டரின் சான்று, வில்லேஜ் ஆபீஸ் வருமானச் சான்று, நோயாளி, கவனிப்பவர் இருவரின் ஆதார், பாஸ்புக் நகல் ஆகியவற்றோடு அங்கன்வாடி வழியாக ஐ.சி.டி.எஸ். ஆபீஸில் விண்ணப்பம் கேளுங்கள். டாக்டர் சான்றில் வெறும் நோயின் பெயர் மட்டும் இருந்தால் திரும்பி வரும், “படுக்கையில் இருக்கிறார், முழுநேரமும் ஒருவர் கவனிக்க வேண்டும்” என்ற வரி இருக்க வேண்டும். மாதாமாதம் வரும் என்று நம்பிச் சீட்டுக் கட்டவோ கடன் வாங்கவோ வேண்டாம். பல மாதம் நிலுவையில் கிடந்து பிறகு வந்த பணம் இது. ஆள் வைத்துப் பார்க்க வசதியிருந்தால், கேரள அரசின் பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் ‘கே4கேர்’ மூலம் பயிற்சி பெற்ற பெண்கள் கூலிக்கு வருகிறார்கள், பஞ்சாயத்தில் உள்ள குடும்பஸ்ரீயின் சி.டி.எஸ். ஆபீஸில் விசாரிக்கலாம்.

நோயாளி பெயரில் வருவது சமூக நலப் பென்ஷன். 60 வயதானவருக்கும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவருக்கும் தனித்தனி வகை உண்டு. குடும்ப வருமானம் வருஷம் 1 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் பஞ்சாயத்தில். 2025 நவம்பர் முதல் மாதம் 2,000 ரூபாய். இது நின்றுபோகப் பெரிய காரணம் மஸ்டரிங். உயிரோடு இருக்கிறார் என்று விரல் ரேகை வைப்பதுதான் அது. படுக்கையில் இருப்பவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு அக்ஷயாவுக்கு (அரசு இ-சேவை மையம்) போக வேண்டியதில்லை. தகவல் கொடுத்தால் அக்ஷயா ஆளே வீட்டுக்கு வந்து எடுப்பார். கடைசித் தேதி வரை விடாமல் முன்பே சொல்லி வையுங்கள். பணத்தையும் கூட்டுறவு வங்கி ஆள் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் வழி உண்டு.

எல்லைக் குடும்பங்களில் பலருக்கு ரேஷன் கார்டு போடியிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும், ஆள் இங்கே மகனோடு இருப்பார். முன்னுரிமை ரேஷன் கார்டு இருந்தால் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம், பென்ஷன் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வாங்கினால் ஆதாரில் தெரிந்துவிடும், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எந்தப் பக்கம் நிரந்தரமாக இருக்கப் போகிறார் என்று முடிவு செய்து, மறுபக்கத்தில் ரத்துச் சான்று வாங்கிய பிறகே இங்கே மனுக் கொடுங்கள். ரிட்டயர் ஆகித் தமிழ்நாட்டுக்கே இறங்குபவர்களுக்கு அங்கே 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார்கள். கேட்க வேண்டிய எண் 104.

மலையாளம் எழுதத் தெரியாது என்று மனுவே கொடுக்காமல் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதியில் இருக்கும் தமிழர் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். இவ்வளவு எழுதினால் போதும்:

“என் தாயார், வயது 78, எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். தானாகப் புரள முடியாது. மூத்திரக் குழாய் போட்டிருக்கிறது. பஞ்சாயத்து பாலியேட்டிவ் பட்டியலில் சேர்த்து வீட்டுக்கு நர்ஸை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி நகல் இணைத்துள்ளேன்.”

கீழே வார்டு, வீட்டு எண், போன் எண். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.